ஆசிரியர் பெயரும் வேத ஆணையும்: கிறித்தவ உலகின் ஒரு விவாதத்தை முன்வைத்து

ஒரு நூலை எழுதியவர் யார் என்பதில் ஐயம் எழுந்துவிட்டால், அந்நூலின் கட்டளைகளும் வலுவிழந்துவிடும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். பைபிளைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இது ஏறக்குறைய ஓர் அடிப்படை விதியாகவே அமைந்துவிட்டது. ஓரினச் சேர்க்கையைத் திருச்சபை ஏற்க வேண்டும் என வாதிடும் கிறித்தவர் சிலரும் இதே விதியைக் கையாளுகின்றனர் என்பது வியப்புக்குரியது. தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தைப் பவுல் எழுதவில்லை, ஆகவே அதிலுள்ள கண்டனம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்தம் வாதம். இவ்விதி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இங்கு ஆராய விழைகிறோம்.

முதலில் சான்றுகளை நோக்குவோம். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 18:22, 20:13 ஆகியனவும், புதிய ஏற்பாட்டில் ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10 ஆகியனவுமே இவ்விவாதத்தின் மையம். லேவியராகமம் முழுவதும் மூஸா (அலை) அவர்கள் எழுதியதே எனும் மரபு 19ஆம் நூற்றாண்டு ஆய்வில் ஆட்டம் கண்டது. 17 முதல் 26 வரையிலான அதிகாரங்களைத் தனியொரு தொகுப்பாகக் கண்டு, அதற்குத் 'தூய்மைச் சட்டம்' என 1877இல் ஜெர்மானிய அறிஞர் குளோஸ்டர்மன் பெயரிட்டார். முதல் தீமோத்தேயு பவுலுடையதன்று என 1807இலேயே ஷ்லையர்மாக்கர் வாதிட்டார்; இன்று ஆய்வாளருள் பெரும்பாலோர் அவர் முடிவையே ஏற்கின்றனர். எனினும் ரோமரும் கொரிந்தியரும் பவுலுடையவையே என்பதில் ஆய்வுலகம் ஏறத்தாழ ஒருமித்து நிற்கிறது. தீமோத்தேயுவில் வரும் 'அர்செனோகொய்தேஸ்' எனும் கிரேக்கச் சொல்லே கொரிந்தியரிலும் வருகிறது. எனவே தீமோத்தேயுவை முற்றாக அகற்றினாலும், பவுல் அச்சொல்லைக் கூறினார் என்பது மாறுவதில்லை.

அச்சொல்லின் பொருள் குறித்தும் வழக்கு உண்டு. ஆண், படுக்கை எனும் இரு சொற்களின் கூட்டு அது. அவ்விரு சொற்களும் லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அருகருகே வருவதால், பவுல் அங்கிருந்தே அதைப் பெற்றார் என்பர் ஒரு சாரார். ஆண் விலைமகனையே அது குறிக்கும் என 1980இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார் வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல். இது மொழியாராய்ச்சிக்குரிய வழக்கே. எழுதியவர் யார் எனும் வினா இதைத் தீர்க்காது.

இனி அறிஞர்களை நோக்குவோம். கத்தோலிக்கரான லூக் திமோத்தி ஜான்சன், தீமோத்தேயு நிருபங்கள் பவுலுடையவையே என 2001இல் வெளியான தம் விரிவுரையில் வாதிட்டவர். பெரும்பான்மை ஆய்வாளருக்கு எதிராக மரபின் பக்கம் நின்ற அவர்தாம், 2007இல் எழுதிய கட்டுரையொன்றில் தன்பால் இணைகளைத் திருச்சபை ஏற்க வேண்டும் என்றார். வேதத்தின் கட்டளை தெளிவானது என ஒப்புக்கொண்டே, விசுவாசிகளின் வாழ்வனுபவம் எனும் வேறோர் ஆதாரத்தை முன்னிறுத்தி அதை விலக்கினார். ரிச்சர்ட் ஹேஸ் 1996இல் எழுதிய நூலில், ரோமர் நிருபத்தை முதன்மைச் சான்றாக்கி ஓரினச் சேர்க்கையை மறுத்தார். தம் மகனுடன் இணைந்து 2024இல் வெளியிட்ட நூலில் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். இடைப்பட்ட காலத்தில் ரோமர் நிருபத்தின் ஆசிரியர் மாறிவிடவில்லை. இறைவனின் கருணை மேன்மேலும் விரிந்து செல்வதாக விவிலியம் காட்டுகிறது எனும் பார்வையே அவரை மாற்றியது.

இவை நமக்கு விளங்காமல் போவதற்குக் காரணம் உண்டு. ஹதீஸ் கலையில் பயின்ற நம் உள்ளம், எந்தச் செய்தியையும் அறிவிப்பாளர் தொடர் கொண்டே எடைபோடுகிறது. தொடர் அறுந்தால் செய்தி பலவீனமாகிறது. இது நம் முன்னோர் வகுத்த அரிய அளவுகோல். ஆயின் கிறித்தவத் திருமுறை முழுமையும் அந்த அளவுகோலால் உருவானதன்று. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் யார் என்பதை இறைவனே அறிவான் என 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜென் கருதினார். ஆசிரியர் பெயர் உறுதியாகாத நிலையிலும் அந்நிருபம் வேதத்தில் நிலைபெற்றது. நூலாசிரியரின் பெயரோடு சபையின் ஏற்பும் அங்கு அதிகாரத்தின் ஊற்றாக இருந்தது. 1998இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு முரணானது என 526க்கு 70 எனும் வாக்குகளில் தீர்மானித்தனர். 2003இல், ஆண் துணையுடன் வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆயராக்கப்பட்டார். இரு தரப்பார் கையிலும் இருந்தது ஒரே பைபிள்தான். வேதம், மரபு, அனுபவம் ஆகியவற்றுள் எது இறுதித் தீர்ப்பளிக்கும் என்பதிலேயே அவர்கள் பிரிந்தனர்.

இங்கு நம் எழுத்தையும் நாம் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் விவாதித்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, ஐரோப்பிய விவிலிய ஆய்வுகளை முறையாகக் கற்று, அவற்றின் முழு வாதத்தையும் அறிந்தே பயன்படுத்தினார். அவருக்குப் பின்வந்த நம்மில் பலர் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பைபிளின் ஆசிரியர்கள் அறியப்படாதவர்கள் என ஒரு பக்கத்தில் எழுதுகிறோம். மறுபக்கத்தில், ஓரினச் சேர்க்கையைப் பைபிளும் கண்டிக்கிறது என லேவியராகமத்தையும் பவுலையும் சாட்சிக்கு அழைக்கிறோம். காலையில் தகுதியற்றவர் எனத் தள்ளிய சாட்சியை மாலையில் நமக்காகப் பேச வைப்பது எந்த நீதிமன்றத்தின் முறை? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நீதி தவறச் செய்யலாகாது எனும் கட்டளை (5:8) எழுதுகோல் பிடித்தோருக்கும் உரியதன்றோ?

இவ்விஷயத்தில் நம் மார்க்கத்தின் தீர்ப்புக்கு லூத் (அலை) அவர்களின் சமூகத்தைக் குறித்த அல்குர்ஆனின் வசனங்களே ஆதாரம். அதற்குப் பவுலின் கையொப்பம் தேவையில்லை. பிறர் வேதத்தை ஆராயப் புகுந்தால், அதன் அதிகாரம் அவர்களிடையே எவ்வாறு இயங்குகிறது என அறிந்தே பேச வேண்டும். தத்தம் சபையில் தமக்கு இடமுண்டா எனக் கலங்கி நிற்கும் மனிதர்களைப் பற்றிய விவாதம் இது என்பதையும் மறத்தலாகாது. நமக்குத் தற்காலிக வெற்றி தரும் என்பதற்காக அரைகுறைச் சான்றைக் கையிலெடுப்போமாயின், நம்மைப் பற்றி அவ்வாறே எழுதுவோரைக் குறைகூறும் உரிமையை இழந்துவிடுவோம்.