தமிழ்வாணனின் துப்பறியும் நாவல்கள்: ஒரு மதிப்பீடு

துப்பறியும் நாவலை வாசலிலேயே நிறுத்திவிடுவது நம் திறனாய்வாளர் பலருடைய வழக்கம். உள்ளே அழைத்து ஆராய்ந்தபின் தீர்ப்புக் கூறுவதே முறையாகும். அவ்வாறு ஆராயத் தக்கவருள் ஒருவர் தமிழ்வாணன்.

தேவகோட்டையில் 1926ஆம் ஆண்டு பிறந்த இராமநாதனே பின்னாளில் தமிழ்வாணன் என்னும் பெயரால் புகழ்பெற்றார். ‘கல்கண்டு’ இதழின் ஆசிரியராக விளங்கினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளங்கள்; ‘துணிவே துணை’ என்பது அவருடைய முழக்கம். 1977இல் மறைந்தார்.

அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால். தமிழ்ப்பற்று மிக்க ஆசிரியர் தம் நாயகனுக்கு வடநாட்டுச் சாயலுள்ள பெயரிட்டது வியப்பே. மும்பை வாசகருக்கோ அது அண்டைவீட்டாரின் பெயராகவே ஒலிக்கும். பெர்லின், நியூயார்க், ஹாங்காங் என உலக நகர்கள் பலவற்றிலும் அவரை உலவவிட்டார் ஆசிரியர்.

இத்துறையில் முன்னரே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பெயர் பெற்றிருந்தனர். ஆங்கில நாவல்களைப் பெரிதும் தழுவிய அவர்களது நடை வடசொல் மிகுந்தது, வாக்கியங்களும் நீண்டவை. தமிழ்வாணனோ சிறுசிறு வாக்கியங்களில், பள்ளிச் சிறுவனும் தடுக்கி விழாத நல்ல தமிழில் எழுதினார். கொலைக்கதையிலும் ஆபாசம் கலவாது காத்தார். சிந்தனை வேண்டும்போது சங்கர்லால் நாடுவது தேநீரையே.

குறைகளையும் மறைத்தலாகாது. கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறு தடயமொன்றைக் காட்டி நம் அறிவுக்கு வேலை தருவார். சங்கர்லால் கதைகளில் விறுவிறுப்பு மிகுதி, தருக்கம் குறைவு. அவர் ஐயுற்றுக் கலங்குவதில்லை. ஆதலின் அவர் நெஞ்சில் நிகழ்வது நமக்குத் தெரிவதில்லை. குற்றவாளி அகப்பட்டதும் கதை முடிகிறது. குற்றம் எங்கிருந்து பிறந்தது என்னும் வினா எழுவதில்லை. பின்வந்த சுஜாதா, கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர்களைக் கொண்டு இக்குறைகளுட் பலவற்றை நீக்கினார். கலைத்திறனில் அவரே மேம்பட்டவர்.

ஆயினும் மும்பைவாழ் தமிழர் வேறொரு கணக்கும் பார்த்தல் வேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுட் பலர் தமிழ் பேசுவர்; படிக்க அறியார். பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுக்கே நேரம் போதவில்லை. வீட்டில் எழுத்துக்கூட்டிக் கற்ற பிள்ளையின் கையில் சுஜாதாவைக் கொடுத்தால், பேச்சுவழக்கும் ஆங்கிலமும் கலந்து துள்ளும் அந்நடையின் குறும்பு எளிதில் எட்டாது. அதனைச் சுவைக்கத் தமிழகத்துப் பேச்சோடு நெருங்கிய பழக்கம் வேண்டும். சங்கர்லாலைப் படிக்க எழுத்தறிவு போதும். அடுத்த பக்கத்தில் என்ன நேருமோ என்னும் ஆவல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அரிச்சுவடிக்கும் பேரிலக்கியத்துக்கும் இடையே படிகள் வேண்டும். அவை இல்லாத வீட்டில் திருக்குறளும் அலமாரியில் அழகுப்பொருளாகவே நிற்கும். முதற்படியிலேயே நின்றுவிடுதல் பேதைமை. அப்படியை இடித்துத் தள்ளுதல் அதனினும் பெரும் பேதைமை. நம் சங்க நூலகங்களில் கம்பனுக்கும் பாரதிக்கும் அருகே சங்கர்லாலுக்கும் ஓரிடம் தருவோமாக.