விளைவை அளப்பவர்களுக்கு யார் விளைவு அளப்பது?

மருந்துப் பொருளாதாரவியல் படித்தவர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. "எங்க மருந்துல சர்க்கரை அளவு குறையுது" என்று ஒரு கம்பெனி வந்து சொன்னால் அதோடு விடமாட்டார்கள். சரி, மாரடைப்பு குறைஞ்சுதா, கால் எடுக்கிற நிலைமை குறைஞ்சுதா, ஆள் எத்தனை வருஷம் கூடுதலா இருந்தார், எப்படி இருந்தார்னு கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 1989-ல் வந்த காஸ்ட் ஆய்வு முடிவை நினைத்துப் பாருங்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறை அடக்க என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு கொடுத்தார்கள். துடிப்பு என்னவோ அடங்கியது. ஆனால் மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

இவ்வளவு கறாரான துறை, தான் நடத்தும் பயிற்சிகளை எப்படி அளக்கிறது? கடைசி நாள் மத்தியானம் ஒரு படிவம் வரும். பேச்சாளர் எப்படி, ஸ்லைடு எப்படி, ஹால் எப்படி என்று 1 முதல் 5 வரை. நான் போன ஒன்றில் சாப்பாட்டுக்கும் மார்க் இருந்தது (அதற்கு மட்டும் மனசார 5 போட்டேன்). கூடவே பத்து கொள்குறிக் கேள்விகள், முடிந்ததும் சர்டிஃபிகேட். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை அளக்க நாலு படி சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்வது மாறியதா, அதனால் பலன் வந்ததா. நாம் முதல் படியில் நிற்கிறோம், இரண்டாம் படியில் அரைக்கால். அதாவது நோயாளி என்ன ஆனார்னு பார்க்காமல் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

இது வெறும் வகுப்பறை விஷயம் இல்லை. 2008-ல் இந்தியாவில் வந்த ஃபார்ம் டி படிப்பில் ஐந்தாம் வருஷம் இது ஒரு பாடம். 2017 முதல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ், எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் செலவழிக்கலாம் என்று மதிப்பிட்டுச் சொல்லும் அமைப்பு இயங்குகிறது. கணக்குப் போடுகிறவர் தப்பினால், ஒரு மருந்து ஆஸ்பத்திரிக்கு வராமலே போகலாம். வரக்கூடாதது வந்தும் சேரலாம்.

தப்பு எந்த மாதிரி வரும்? ஒரு கற்பனைக் கணக்கு. பழைய மருந்துக்கு மொத்தச் செலவு 1,00,000 ரூபாய், கிடைப்பது 5 நல்வாழ்வு ஆண்டு. புதியதற்கு 1,50,000 ரூபாய், கிடைப்பது 5.2. செலவை ஆண்டால் வகுத்தால் பழையது ஓராண்டுக்கு 20,000, புதியது ஏறக்குறைய 28,850. "கொஞ்சம்தானே கூட" என்று தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, கூடுதலாகக் கொடுக்கும் 50,000-க்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பது. கிடைப்பது 0.2. ஆக ஓராண்டுக்கு 2,50,000. முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித்தரும் விஷயம் இது. சூத்திரம் கேட்டால் எல்லாரும் எழுதிவிடுவார்கள். வகுத்து வைத்த முதல் வகை அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து "இது சரியா?" என்று கேட்டால்தான் யாருக்குப் பிடிபட்டிருக்கிறது என்று தெரியும். அந்தக் கேள்வியை நான் பார்த்த எந்தப் பரீட்சையிலும் காணோம்.

இன்னொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. உலகம் முழுக்கப் பலர் மார்க்கோவ் மாடல் கற்றது ஒரே எச்ஐவி உதாரணத்தில்தான். 1997-ல் பிரிட்டனில் வந்த ஒரு மாடல். அதை 2006-ல் பிரிக்ஸ், கிளாக்ஸ்டன், ஸ்கல்பர் மூவரும் தங்கள் பாடப்புத்தகத்தில் பயிற்சியாக வைத்தார்கள். நோயின் மூன்று நிலை, நான்காவது மரணம். ஜிடோவுடின் மட்டும் கொடுப்பதா, லாமிவுடினும் சேர்த்துக் கொடுப்பதா என்பது கேள்வி. எக்செல்லில் வரிசை வரிசையாக இழுத்து முடிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும், நிஜமாகவே அருமையான பயிற்சி. அதில் லாமிவுடின் வருஷத்துக்கு 2,086 பவுண்டு. மற்ற எண்களையெல்லாம் ஆயிரம் தடவை குலுக்கிப் பார்ப்போம், மருந்து விலையை மட்டும் தொடமாட்டோம். காரணமும் நியாயமானதுதான்: விலைப்பட்டியலில் உள்ள விலை மாதிரிப்பிழைக்கு உட்பட்டதில்லை.

ஆனால் மாணவர் மனதில் தங்குவது வேறு. விலை என்பது வானத்திலிருந்து விழுந்தது, அதைப் பற்றிக் கேள்வி கிடையாது என்று எடுத்துக்கொள்கிறார். 2001-ல் சிப்லா, லாமிவுடினையும் உள்ளடக்கிய மூன்று மருந்துக் கூட்டையே வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. எச்ஐவி சிகிச்சையின் கணக்கைப் புரட்டிப்போட்டதே விலைதான். நம்மூர்லயும் இதே கதை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மொத்தமாக டெண்டர் போட்டு வாங்குகிறது. அந்த விலைக்கும் அட்டையில் அச்சடித்த விலைக்கும் பல மருந்துகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரசு ஆஸ்பத்திரி நோயாளியைப் பற்றிய ஆய்வில் அட்டை விலையைப் போட்டால் முடிவே தலைகீழாகலாம். மாணவர் ப்ராஜெக்டுகளில் அப்படிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவரும் பயிற்சிக்கு 5 கொடுத்திருப்பார், பயிற்சியும் அவருக்கு சர்டிஃபிகேட் கொடுத்திருக்கும்.

பயிற்சி நடத்துகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஆறு மாசம் கழித்து, வந்தவர்களுக்கு ஒரு எக்செல் கோப்பு அனுப்புங்கள். உள்ளே வேண்டுமென்றே நாலு பிழை: ஒரு தப்பான வகுத்தல், யார் பணத்தில் கணக்கு என்றே சொல்லாத செலவு, பொருந்தாத விலை, ஐந்தாண்டு நிகழ்தகவை அப்படியே ஐந்தால் வகுத்தது. பயிற்சிக்கு வராத நாலு பேருக்கும் அதே கோப்பு போகட்டும், ஒப்பிட ஆள் வேண்டாமா? எத்தனை பேர் எத்தனை பிழையைப் பிடித்தார்கள் என்று எண்ணுங்கள். செலவு ஒரு இமெயில்.