உருவத்தில் ஒருமை: ரூபாய்க் குறி பற்றிய ஒரு நோக்கு

மான்குர்த் தொடர்வண்டி நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையை நாம் நாள்தோறும் காண்கிறோம். தேவநாகரி எழுத்தும் ஆங்கில எழுத்தும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்றையொன்று தீண்டுவதில்லை. இதனை அண்டைமை எனலாம். ஒருமை எனல் ஆகாது. பலவற்றை ஓரிடத்தில் கூட்டுவது வேறு. பலவும் ஒன்றாய்த் தோன்றச் செய்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்த நம் மும்பையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. அதுவே ரூபாய்க் குறி.

2009-இல் நடுவணரசு அறிவித்த போட்டிக்கு 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் அச்செழுத்துகளை ஆராய்ந்த உதயகுமார் என்னும் தமிழர் வரைந்த வடிவம் 2010 சூலை 15-இல் ஏற்கப்பெற்றது. தேவநாகரி ரகரமும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் அதில் கலந்துள்ளன. எங்ஙனம் கலந்தன என்பதிலேதான் நுட்பம் உள்ளது. இரண்டிற்கும் பொதுவான வளைவும், சாய்ந்திறங்கும் காலும் நிலைபெற்றன. ஆங்கில எழுத்து தன் செங்குத்துக் கோட்டைத் துறந்தது. தேவநாகரியோ தன் தலைக்கோட்டைக் காத்து, அதற்கிணையாக மற்றொரு கோட்டையும் ஏற்றது. ஒன்றை நீக்கியதனாலேயே இரண்டும் ஓருருவாயின.

குறையும் உண்டு. இரு கோடுகளும் இடைவெளியும் மூவண்ணக் கொடியைச் சுட்டும் என்பர். கருமையில் அச்சேறிய குறியிலே கண் கொடியைக் காண்பதில்லை. விளக்கவுரையின் துணை வேண்டும் பொருள், வடிவத்தின் பொருளாகாது.

இனி, "இதில் தமிழ் எங்கே?" என்னும் வினா. 2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கைச் சின்னத்தில் அக்குறிக்கு மாறாக 'ரூ' இடம்பெற்றபோது பெரும் வாதம் எழுந்தது. மெய்யும் உயிரும் பிரித்தறிய இயலாவண்ணம் இணைந்த 'ரூ'வும் ஒருமைக்கு ஓர் எடுத்துக்காட்டே. நாட்டின் எல்லா எழுத்துகளையும் ஒரு குறியுள் அடக்குதல் இயலாது; அடக்கினும் அது வடிவமாகாது, குவியலாகும். எனினும், எதைக் கொள்வது, எதை விடுவது என்னும் தெரிவு கலைஞனின் தெரிவு மட்டுமன்று. ஏற்கும் நாட்டின் தெரிவும் ஆகும். அழகில் அக்குறி வென்றது. யாருடைய ஒருமை என்னும் வினாவை அது தீர்க்கவில்லை. இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே கொள்வதே நடுநிலை என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவும் கூறிய நாம் நம் மலர்களையும் நோக்குதல் வேண்டும். கோபுரம், குத்துவிளக்கு, வள்ளுவர், யாழ், மயில் அனைத்தையும் ஓர் அட்டையில் நெருக்கி வைத்துத் தமிழ்ப் பண்பாடு என்கிறோம். எதையும் விட மனம் வருவதில்லை. ஊரை விட்டு வந்தவர்க்கு இவ்வச்சம் இயல்பே. விட்டது தொலைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். ஆயினும், எல்லாம் ஒருங்கே குரலெழுப்பும் அட்டையில் ஒன்றும் செவிப்படுவதில்லை. அடுத்த மலருக்கு அட்டை வரையும் நம் இளைஞர், எதைச் சேர்ப்பது என்று எண்ணுமுன் எதை விடுவது என்று எண்ணுவாராக. ஒரு விளக்கு போதும். அது நன்கு எரியட்டும்.