பந்தியும் படிவமும் : தமிழ்த் தன்வரலாறுகளில் மாணவர் விடுதி

தமிழில் தன்வரலாற்று இலக்கியம் குறித்த ஆய்வுகள் கடந்த முப்பதாண்டுகளில் பெருகியுள்ளன. பிறந்த ஊர், குடும்பம், கல்வி, பணி, பொதுவாழ்வு என்னும் பகுப்புகளின் வழியே அவை நூல்களை அணுகுகின்றன. இப்பகுப்புகளுக்கு இடையே நழுவிப்போகும் ஓர் இடம் உண்டு. அதுவே மாணவர் விடுதி. அது வீடும் அன்று, கல்விக்கூடமும் அன்று. பாடம் முடிந்த பின்னர் மாணவன் உண்டு, உறங்கி, பிறரோடு பழகிக் கழிக்கும் பொழுதுகள் அங்கேதான் கழிகின்றன. தலித் தன்வரலாறுகளை ஆராய்வோர் ஊர், சேரி என்னும் எதிர்வைப் பற்றி மிக விரிவாகப் பேசுகின்றனர். அந்நூல்களில் வரும் விடுதிப் பகுதிகளையோ கல்வி பெறும் வழியில் நேர்ந்த இடர்கள் என்ற அளவில் கடந்து சென்றுவிடுகின்றனர். அப்பகுதிகள் அவ்வாறு கடந்து செல்லத்தக்கவை அல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சொற்களிலிருந்து தொடங்கலாம். ‘விடுதி’ என்பது ‘விடு’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. தங்குமிடம் என்ற பொருளோடு விடுகை என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆட்சித்துறையில் வழங்கும் ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்னும் தொடர் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பழங்குடி மாணவர்க்கு அரசு நடத்தும் பள்ளிகளுக்கு இப்பெயர் வழங்குகிறது. கற்றலுக்கு முன்னே உண்ணலும் உறைதலும் வைக்கப்பட்டிருப்பது தற்செயலானது போலத் தோன்றினும், விடுதி வாழ்வின் உண்மை வரிசை அதுதான். மணிமேகலை அறம் இன்னதென வரையறுக்குமிடத்து உணவையும் உடையையும் உறைவிடத்தையும் ஒருங்கே வைத்தமை தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது. அவ்வறத்தை வழங்குவோர் யார், பெறுவோர் யார், வழங்கும்போது என்ன பேசப்படுகிறது என்பனவற்றைத் தன்வரலாறுகளே நமக்குக் காட்டுகின்றன.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் மறைவுக்குப் பின் 1950-இல் நூலாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்க அவர் 1871-இல் மாயூரம் சென்றது முதல், ஆசிரியர் 1876-இல் மறைந்தது வரையிலான பகுதி, ஒருவகையில் தமிழின் முதற்பெரும் விடுதி வரலாறு எனலாம். கல்லூரி என்னும் அமைப்பு அங்கு இல்லை. ஆயினும் வெளியூர் மாணாக்கர் தங்கிக் கற்கும் ஏற்பாடு இருந்தது. பிள்ளையவர்களின் மாணாக்கருள் சைவரும் இருந்தனர், அந்தணரும் இருந்தனர், சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவரும் இருந்தார். பாடம் அனைவர்க்கும் ஒன்று. உணவு மட்டும் வேறு. சைவ மாணாக்கர் ஆசிரியர் இல்லத்தில் உண்ண, சாமிநாதையர் அந்தணர் இல்லங்களிலும் சத்திரங்களிலும் உண்ண வேண்டியிருந்தது.

இதனை அவர் எழுதும் முறைதான் நம் கவனத்திற்குரியது. உணவிற்கு எங்கே வழி, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பாடம் நீண்டால் பசி என்ன ஆகும் என்பனவெல்லாம் நூலில் நுணுக்கமாக வருகின்றன. ஆனால் வேறிடத்தில் உண்பது ஏன் என்ற கேள்வி எழுவதில்லை. அது எவரையும் தாழ்த்தியதாகவும் சொல்லப்படவில்லை. அது ஒரு வசதிக்குறைவு மட்டுமே. எழுதுபவர், ஆசிரியர், உணவளித்தவர் ஆகிய அனைவரும் ஒப்புக்கொண்ட ஒன்றாகப் பிரிவினை அங்கு நிற்பதால், கதையில் அதற்கு வினைச்சொல்லே தேவைப்படவில்லை. இப்பகுதிகளை ‘வறுமையிற் செம்மை’ என்று போற்றுவது நம் பாடநூல் மரபு. போற்றுதலில் தவறில்லை, ஆயினும் அப்போற்றுதல் அந்த மௌனத்தைப் பார்க்கவொட்டாமல் செய்துவிடுகிறது.

அம்மௌனம் உடைந்த இடம் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் அந்தணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது என்ற செய்தி 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்தனர். காந்தியடிகள் இணக்கம் காண முயன்றார். அவ்வாண்டு ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மறைந்தார். ஆண்டு முடிவதற்குள் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். நாட்டு வரலாற்றில் இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கிய அந்தப் பந்தி, தலைவர்களின் அறிக்கைகளிலும் தீர்மானங்களிலும் இதழ்ச் செய்திகளிலும்தான் நமக்குக் கிடைக்கிறது. இலை போட்டு அமர்ந்திருந்த சிறுவர்களின் கண் வழியாக அன்று. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக நாம் கொண்டாடும் ஒருவரின் நிறுவனத்தில் இது நிகழ்ந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். இதற்கு முன்பே, 1916-இல், சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் பயில வழிசெய்திருந்தார்.

சிறுவர் கண்ணும் மாணவர் குரலும் இலக்கியத்தில் வந்து சேர 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்தபோது அதன் மொழிநடையே பெரிதும் விவாதிக்கப்பட்டது. பேச்சுத்தமிழில் முழுநூலும் அமைந்தமை சிலர்க்கு உவப்பாக இல்லை. பின்னர் அதனைக் கிறித்தவத் துறவு நிறுவனத்தின் மீதான விமரிசனமாக வாசிக்கும் போக்கு மேலோங்கியது. இரண்டு வாசிப்பிலும் விடுதி பின்தள்ளப்பட்டது. நூலின் திருப்பமோ விடுதியில்தான் நிகழ்கிறது என்பது என் கருத்து.

ஊரில் இருக்கும்வரை கதைசொல்லிக்குச் சாதி என்பது தெருவாக, கிணறாக, பொட்டலத்தை நூலில் கட்டித் தூக்கிச் செல்லும் பெரியவராகக் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை, முகமே போதும். விடுதியிலோ அனைவரும் அயலார். ஒரே பாய், ஒரே வரிசை, ஒரே தட்டு. இங்கே சாதி எவ்வாறு தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும்? பேச்சின் வழியாகத்தான். விடுதிப் பொறுப்பாளராகிய கன்னியர் ஒருவர், தாழ்ந்த சாதிப் பிள்ளைகள் வீட்டில் கஞ்சிக்கில்லாமல் வந்து இங்கே தின்று பெருக்கிறார்கள் என்னும் பொருள்பட ஏசுவதைப் பாமா பதிவு செய்கிறார். கட்டணம் செலுத்தித் தங்கும் பிள்ளைகளுக்கும் இவ்வேச்சு விழுகிறது என்பதுதான் அதன் கூர்மை. உரிமையாகப் பெற்ற சோறு பிச்சையாக மாற்றப்படுகிறது. சாமிநாதையர் தனியே உண்டபோது இழிவு இல்லை. இங்கே ஒரே பந்தியில் உண்ணும்போது இழிவு வருகிறது. எனவே சேரன்மாதேவியில் எழுந்த கோரிக்கையாகிய சமபந்தி மட்டும் போதுமானதன்று என்பதை 67 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவியின் நினைவு காட்டுகிறது. விடுதி பற்றிய நம் பொதுப்பேச்சு இன்றும் சமபந்தியைத் தாண்டவில்லை என்பது வேறு செய்தி.

கல்லூரி விடுதியில் நிகழும் மற்றொன்றும் இத்தகையதே. தம்பி தங்கையரின் புதுநன்மை விழாவுக்கு ஊர் செல்ல மாணவி விடுப்புக் கேட்கிறாள். உங்கள் சாதியில் அதற்கென்ன பெரிய விழா என்ற எண்ணத்தோடு மறுப்பு வருகிறது. அவள் விடாது வாதாடி அனுமதி பெறுகிறாள். ‘விடுதி’ என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இங்கே நினைவுக்கு வரும். தங்கவைப்பவர்க்கே விடுவிக்கும் அதிகாரமும் உண்டு. இவ்விரண்டாவது அதிகாரத்தை எந்தத் திட்ட ஆவணமும் குறிப்பதில்லை, தன்வரலாறு குறிக்கிறது. இறுதியாண்டு விருந்தன்று உடுத்த நல்ல சேலை இல்லாமையால் குளியலறைக்குள் ஒளிந்துகொள்ளும் காட்சி இன்னும் துயரமானது. விடுதியில் தனிமைக்கு இடமில்லை. வெட்கத்தை வைத்துப் பூட்ட ஒரு குளியலறைதான் கிடைக்கிறது. இதனைப் பாமா இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிச் செல்கிறார், விளக்கம் கூறுவதில்லை. விளக்கியிருந்தால் கெட்டிருக்கும்.

நூலின் மொழி பற்றிய பழைய வழக்கினையும் இப்பின்னணியில் மறுபடி விசாரிக்கலாம். பள்ளி, கல்லூரி, ஆசிரியப் பயிற்சி, துறவுமடம் என எழுத்துத்தமிழையும் ஆங்கிலத்தையும் கற்பித்த நிறுவனங்கள் அனைத்தையும் கடந்து வந்தவர் பாமா. அவர்க்கு எழுத்துநடை கைவராமற் போயிற்று என்பது பொருந்தாது. அடுத்தவர் கூரையின்கீழ் அடக்கி வைத்த பேச்சையே நூலின் மொழியாக்கியிருக்கிறார். விடுதிக் காட்சிகளில் ‘நான்’ அடிக்கடி ‘நாங்க’ ஆகிவிடுவதையும் இதனோடு சேர்த்து நோக்குக. ஏச்சு ஒருத்திக்கு விழுந்தாலும் அது கூட்டத்துக்கு விழுந்ததாகவே கேட்கிறது.

விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் அதே வீட்டில் பிறந்த மூத்தவர், 2024-இல் மறைந்த ராஜ் கௌதமன். அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) ஒரே குடும்பத்து நினைவு இருவேறு வடிவங்கொள்வதற்கு அரியதொரு சான்று. தங்கை தன்மையில் எழுத, அண்ணன் படர்க்கையில் எழுதினார். தங்கை சினந்து எழுத, அண்ணன் எள்ளி எழுதினார். பாதிரிமார் நடத்திய நிறுவனங்களில் கழியும் சிலுவையின் நாட்கள் நகைப்போடு வருகின்றன. நகைப்பின் முதல் இலக்கு சிலுவையே. ஆண் மாணவனுக்கு விடுதி என்பது ஊரிலிருந்து தப்பித்தலாகவும் திரிதலாகவும் அமைய, பெண்ணுக்கு அது கண்காணிப்பாக அமைந்தது என்று ஒரு விளக்கம் கூறலாம். அது பெரும்பாலும் சரியே. ஆயினும் எள்ளலைச் சினத்தைவிட முதிர்ந்த கலையாகக் கொள்ளும் திறனாய்வுப் பழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. எள்ளல் வாசகனை விடுவிக்கிறது. ‘கருக்கு’ அவனை விடுவதில்லை.

கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) நம்மைப் பந்தியிலிருந்து படிவத்திற்குக் கொண்டு செல்கிறது. கல்வி உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப்பெயர் சொல்லி மாணவரை எழுந்து நிற்கச் செய்யும் பகுதி இந்நூலில் மறக்கவொண்ணாதது. உதவியைப் பெறுவதற்கான வாயிலே அவமானத்தின் வாயிலாகிறது. விடுதி விண்ணப்பமும் இத்தகையதுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, தலைமையாசிரியர் கையொப்பம் என அமையும் அப்படிவம், முதல் தலைமுறை மாணவர் பலர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் முதற் பனுவல் என்று கூடச் சொல்லலாம். அதன் கட்டங்களுக்குள் அடங்காதவற்றை எழுதவே பின்னாளில் தன்வரலாறு தேவைப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு 2025 ஜூலையில் பல துறைகளின் மாணவர் விடுதிகளுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் சூட்டியது. வாயிற்பலகையில் சாதி வகைப்பாடு ஒட்டிக்கொண்டிருந்த நிலையை அது மாற்றியது, வரவேற்கத்தக்கது. படிவம் மட்டும் பழைய படிவமே.

இவ்வரிசையில் அடுத்து எந்த நூலை எதிர்பார்ப்பது? என் கண் ஆனைகட்டியின்பால் செல்கிறது. கோவையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், கொடுங்கரைப் பள்ளத்தை எல்லையாகக் கொண்டு, ஒரே பெயரில் இரு மாநிலத்தில் கிடக்கும் ஊர் அது. அப்பால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் மலை. தமிழகப் பக்கத்தில் 1990-இல் தொடங்கிய ஆர்ஷ வித்யா குருகுலமும், அதே ஆண்டில் தோன்றிய சாலிம் அலி பறவையியல் மையமும் உள்ளன. வேதாந்தம் கற்கவும் பறவைகளை ஆராயவும் தொலைநாடுகளிலிருந்து வந்து இங்கே தங்குகின்றனர். மலையிற் பிறந்த பிள்ளைகளோ கல்லூரிக் கல்விக்காக மலையை விட்டு இறங்கி விடுதி தேட வேண்டியிருந்தது. கோவை ஒரு திசை. மண்ணார்க்காடும் பாலக்காடும் மறுதிசை. அட்டப்பாடியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது 2012-இல்தான்.

இறங்கும் திசையைப் பொறுத்து மாணவரின் மொழியும் மாறுகிறது. கோவை விடுதியில் தமிழ், பாலக்காட்டு விடுதியில் மலையாளம். இருளர் மொழி இரண்டிலும் அறைக்குள் பேசும் மொழி. கமில் சுவெலபில் 1973-இல் அம்மொழி குறித்து நூல் வெளியிட்டு, அதன் தனித்தன்மையை மொழியியலார்க்கு உணர்த்தினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ அது தமிழின்கீழ் அடக்கப்பட்டுள்ளது. அக்கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் இருளர் 1,80,000-க்கும் மேற்பட்டோர். தம் தாய்மொழி இருளர் மொழி என்று பதிந்தோரோ நாடு முழுவதிலும் 12,000-க்கும் குறைவு. இவ்வேறுபாட்டிற்கு மொழியிழப்பு ஒரு காரணம்; கேட்போர் எழுதிக்கொண்ட விடை மற்றொரு காரணம். ‘தாய்மொழி’ என்ற கட்டத்தைப் பிறர் நிரப்பப் பார்த்து வளர்ந்த மாணவர், பின்னொரு நாள் தம் விடுதி நாட்களை எம்மொழியில் எழுதுவார்?

இக்கேள்வி நம் துறைக்கு உரியது. ‘கருக்கு’ வந்தபோது அதன் தமிழைத் தமிழென்று ஏற்கவே தயங்கியவர் உண்டு. ஆனைகட்டியிலிருந்து வரும் நூல் அத்தயக்கத்தை மேலும் கடுமையாகச் சந்திக்கும். தமிழ் எழுத்தில் இருளர் மொழி இருந்தால் அதனை வட்டார வழக்கு என்போமா, வேறு மொழி என்போமா? நூலகத்தில் எந்த அடுக்கில் வைப்போம்? மலையாள எழுத்தில் வந்தால் இவ்வாய்விதழில் அதற்கு மதிப்புரை எழுதுவோமா? அட்டப்பாடியின் நஞ்சியம்மாள் இருளர் மொழியில் பாடிய திரைப்பாடல் 2022-இல் தேசிய விருது பெற்றபோது தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே மகிழ்ந்தனர். பாட்டாக வந்தால் அம்மொழி நமக்கு இனிக்கிறது. பந்தியில் யார் என்ன சொன்னார்கள், விடுப்புக் கேட்டபோது என்ன விடை வந்தது என்று அது உரைநடையாகப் பேசத் தொடங்கும்போதும் படிக்கத்தக்க அகராதியும் இலக்கணக் குறிப்பும் நம் கையில் இருத்தல் வேண்டும். அப்பணி இன்று பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் ஆங்கில நூல்களிலும் சிதறிக் கிடக்கிறது. தமிழ் வாசகர் எடுத்துப் புரட்டும் நிலையில் இல்லை.