ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு நம்பலாம்?

ஹேண்ட் பிரேக் லிவரை ஒரு பல் மேலே இழுத்தாலே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். லிவரின் அடியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சுதான் அதை எரிய வைக்கிறது. பின்சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்ததா இல்லையா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. அதை நம்பி இறங்கிப் போகிறவர்கள் ஏராளம். சமதளத்தில் வண்டி எப்படியும் நின்றுவிடுவதால் இந்தப் பழக்கத்தின் ஆபத்து கண்ணில் படுவதில்லை.

குறை சொல்லுமுன் கருவியின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, முழுப் பாரம் ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், முகம் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும், ஹேண்ட் பிரேக் தனியாகவே பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு லிவரை இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட சரிவில் 1,200 கிலோ காரைக் கீழே இழுக்கும் விசை சுமார் 235 கிலோ எடைக்குச் சமம். இதைத் தாங்கும்படி செய்யப்பட்ட பிரேக்கை அதன் வடிவமைப்புக்காகக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் பிறகுதான் வருகிறது. லிவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது எஃகுக் கேபிள். நாள்பட அது நீளும். உறைக்குள் தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்து இறுகும். ஷூவும் தேயும். நாலைந்து பல்லில் பிடித்துக்கொண்டிருந்த லிவர் மெல்ல மெல்ல உயரும். கையும் அதற்குப் பழகிவிடும். இன்னொன்று, வண்டி நின்ற பிறகு நடப்பது. பின்பக்கமும் டிஸ்க் உள்ள சில கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே டிஸ்க்கைத்தான் பிடிக்கிறது. மலையிறங்கிச் சூடேறிய டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பேடின் பிடி தளரும். நிறுத்தியபோது அசையாமல் நின்ற கார், ஓட்டுநர் டீ குடித்து முடிப்பதற்குள் உருளலாம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இது நடக்கும் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

அப்படியானால் கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா? 'ஹேண்ட் பிரேக் போட்டா மழையில ஒட்டிக்கும், கியரே போதும்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நனைந்த காரை வாரக்கணக்கில் ஹேண்ட் பிரேக்கோடு விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்பது சரிதான். நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போகட்டும். தினசரி நிறுத்தத்துக்கு அந்த வாதம் செல்லாது. கியர் பிடிப்பது என்ஜினுக்குள் அடைபட்ட காற்றாலும் உராய்வாலும். அந்தக் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசியும். செங்குத்தான சரிவில் கார் சட்டென்று கொஞ்சம் நகர்ந்து நிற்கும். மறுபடி கசியும், மறுபடி நகரும். ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும், டாப் கியரில் விடுவது வீண். கியரில் இருப்பதை மறந்து சாவியைத் திருப்பினால் வண்டி துள்ளும் என்ற பயமும் நியாயமானதே. எப்போதும் கிளட்ச்சை மிதித்தே ஸ்டார்ட் செய்கிறவருக்கு அந்தப் பயம் இல்லை.

நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆளில்லாமல் விடும் வண்டியில் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. ஏதேனும் ஒன்று போதும் என்று விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. பிரிட்டனின் ஹைவே கோட் 252-ஆம் விதி சரிவில் இரண்டையும் கேட்கிறது: ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடு, மேலே பார்த்து நின்றால் முன்கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ், ஸ்டியரிங்கையும் திருப்பி வை. என் தீர்ப்பும் அந்தப் பக்கமே. கேபிள் கெடும் காரணம் வேறு, கியரின் பிடி நழுவும் காரணம் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் கைவிடுவது அரிது.

சட்டம் கேட்கும் அந்தக் குறைந்தபட்சத்தையும் கைவிடச் சொல்கிறார்கள் நம் பார்க்கிங்கில் நிற்பவர்கள். 'ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க, தள்ளிக்கிறோம்.' கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையிலும் நீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். மறுத்துவிட்டு வேறு இடம் தேடுவதே சரி.

சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கை அழுத்தியபடியே லிவரை இழுத்து, நியூட்ரலுக்கு வந்து, காலை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். பக்கத்து மரத்தையோ கம்பத்தையோ பார்த்தால் வண்டி நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகர்ந்தால் அன்றைக்கே வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய வண்டி அது. நின்றால், மறுபடி பிரேக்கை மிதித்து, என்ஜினை அணைத்து, கியரில் போடுங்கள். விளிம்புக்கல் இல்லாத மலைச்சாலையில், உருண்டாலும் மலைப்பக்கம் முட்டும்படி சக்கரத்தைத் திருப்பிவிடுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தவே வேண்டாம். சந்தேகமிருந்தால் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்ல வழக்கம். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுப் போகிறவர்கள் பலர். இருட்டில் வரும் பைக்குக்கு அதுவே எமன். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.