படுகளத்து அரசன்

செஞ்சிப் பக்கம் ஓவியம் பார்க்க வருகிறவர்களை எல்லோரும் பனமலைக்கே அனுப்புகிறார்கள். அனுப்பட்டும். ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அந்தப் பார்வதியை நானும் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தவன்தான். ஆயிரத்து முந்நூறு வருஷம் உதிர்ந்தது போக மிஞ்சிய கோடுகளிலேயே அத்தனை நளினம்! ஆனாலும் இந்தச் சீமையில் கோடைக்குக் கோடை புதிதாகப் பிறந்து, பொழுது சாய்வதற்குள் மிதிபட்டுப் போகிற உருவம் ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்த காலையில், படுகளமாகிற ஊர்த் திடலில் மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனன். என் கணக்கில் அவனுக்குத்தான் முதலிடம்.

திரௌபதி அம்மனுக்குச் செஞ்சிதான் தாய்வீடு. பழைய செஞ்சி என்கிற மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதிக் கோயிலாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட தம் பெரிய ஆய்வின் முதல் தொகுதியில், செஞ்சியில் தொடங்கித்தான் குருக்ஷேத்திரம் போகிறார். அதற்குப் பிறகு பாரதக் கூத்தைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. முகவீணை, கட்டியங்காரன், புஜக்கட்டை, அரிதாரம் என்று ஒன்றையும் விடவில்லை. படுகளத்தில் மண் பிசைகிற மனிதரைப் பற்றித்தான் பேச்சே காணோம். விடியவிடியக் கூத்துப் பார்த்துவிட்டு, அவர் வேலை முடித்த பிறகு வந்து நின்று, "எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டுப் போகிறோம்.

இந்த அடிக்கணக்குதான் ரசனையைக் கெடுத்தது. பக்கத்து ஊரில் நாற்பது என்றால் நம்மூரில் அறுபது. உடம்பு நீள நீள முகம் தட்டையாகிப்போகிறது. ஏரி மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டிக் குவித்துவிடலாம்; கன்னத்து மேட்டுக்கும் கண்குழிக்கும் நடுவே விழுகிற அந்தச் சின்ன நிழலைக் கொண்டுவர மண்வெட்டி உதவாது. அதற்கு உள்ளங்கை வேண்டும்.

அனந்தபுரம் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். அவர் போட்ட துரியோதனனுக்குக் கோரைப்பல் கிடையாது. வாய் மூடியிருக்கும். கண் பாதி திறந்து வானத்தைப் பார்க்கும். பயமுறுத்துகிற மாதிரி இல்லையே என்று ஊரில் முணுமுணுப்பார்கள். முட்டைக்கண்ணும் துருத்திய நாக்கும்தான் துரியோதனனுக்கு லட்சணம் என்று இன்றும் பலர் வாதாடுகிறார்கள். அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. படுகளத்தில் கிடப்பவன் அசுரனில்லை, தோற்றுப்போன அரசன். அவன் மனைவி பெருந்திருவாளாக வேஷம் கட்டியவர் அந்த மண் மார்பின் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் கூடவே அழ வேண்டாமா? கோரைப்பல் முகத்துக்கு மேலே அந்த ஒப்பாரி எடுபடாது. பெரியவரின் முகத்துக்கு எடுபட்டது. பீமன் பக்கம் நின்று ஆர்ப்பரித்த கூட்டமே அடங்கிப்போய் மூக்கைச் சிந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

மீசையைக் கடைசியில்தான் வைப்பார். ஈரக் களிமண்ணை முழங்கை நீளத்துக்குத் திரித்து, மேலுதட்டில் அழுத்தி, நுனியை மட்டும் தரையில் படாமல் தூக்கி நிறுத்துவார். அதன் மேல் கரித்தூள் குழைத்த கறுப்பு. அதற்கு முன்னாலேயே சுண்ணாம்பும் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் ஏறியிருக்கும். வேலை நடக்கும்போது முழு உருவமும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தொடையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் எட்டத்தில் இருக்கும். அடிக்கடி எழுந்து, கால்மாட்டுக்கு நடந்து போய், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு வந்து ஒரு பிடி மண்ணைக் கிள்ளி எடுப்பார்.

தொடையைச் சொல்லாமல் விட முடியாது. சிவப்பு நீர் நிரப்பிய கலயத்தை உள்ளே புதைத்து மேலே மண் பூச வேண்டும். பூச்சு கனமானால் பீமனின் கதை இரண்டு மூன்று தடவை விழ வேண்டியிருக்கும், ஆட்டம் சப்பென்று போகும். மெலிந்தால் வெயிலில் வெடித்து அடிக்கு முன்பே கசிந்துவிடும். பெரியவர் ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பீமனும் துரியோதனனும் உருவத்தைச் சுற்றி ஓடத் தொடங்கிய பிறகுதான் எடுப்பார். ஒரே அடி. தெறிக்கும். அம்மன் கூந்தல் முடிகிற அந்த நேரத்தில் குலவைச் சத்தத்தைத் தாண்டி மிருதங்கம் கேட்காது.

இப்போது பாக்கெட் வண்ணப்பொடி வந்துவிட்டது. ரோஸும் கிளிப்பச்சையும் கண்ணைக் கூசுகின்றன. சில ஊர்களில் எனாமல் அடிக்கிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சிமெண்ட் துரியோதனன். ஒருமுறை கட்டிவிட்டால் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தால் போதுமாம். செலவு மிச்சம், மழைக்கும் பயமில்லை என்கிறார்கள். படுகளம் முடிந்ததும் அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் நெற்குதிரில் போடுவதுதானே வழக்கம்? சிமெண்ட்டில் எதைக் கிள்ளுவது? அதைவிடப் பெரிய நஷ்டம், வருஷத்துக்கு ஒருமுறையாவது மண்ணைத் தொட்டுப் பழகிய கைக்கு வேலை இல்லாமல் போவது. சுவர் ஓவியம் மங்கினால் பாதுகாக்க ஆள் வருகிறது. இந்தக் கலைக்குக் கையை விட்டால் வேறு காப்பு இல்லை.

திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிமெண்ட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தை மண் பிசைகிறவரின் கூலியில் சேர்த்துக் கொடுங்கள். நாற்பது அடி போதும். முகத்தை அவர் இஷ்டத்துக்கு விடுங்கள். அவர் பக்கத்தில் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரை இந்தச் சித்திரையிலேயே உட்கார வையுங்கள்.