பாட்டியின் முகத்தில் பச்சை ஏன்?

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். கடையில் கொடுத்தால் அரைமணியில் பளபளவென்று ஒரு நகல் கிடைத்துவிடுகிறது. அது நல்ல நகல்தானா? சற்று ஆராய்வோம்.

1974-ல் எடுத்த என் பாட்டியின் படத்தை ஆவடியில் ஒரு கடையிலும் அம்பத்தூரில் ஒரு கடையிலும் கொடுத்தேன். இரண்டு நகல்களும் இன்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்தவை. முதல் நகல் கடையின் குழல்விளக்கில் குறையின்றித் தெரிந்தது. வீட்டுத் தாழ்வாரத்தில் பார்த்தால், பாசி படர்ந்தாற்போல் முகத்தில் ஒரு பச்சை! இரண்டாவதில் நிறக்கோளாறு இல்லை. ஆனால் கன்னமெங்கும் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகள். புடவையின் மடிப்புகளோ ஒன்றாகிக் கரிக்கட்டியாகிவிட்டன.

பழைய படத்தில் கறுப்பைத் தருவது வெள்ளி. தாளின்மேல் உள்ள ஜெலட்டின் படலத்தில் நுண்ணிய வெள்ளித் துகள்கள் அடர்ந்தால் கறுப்பு, குறைந்தால் சாம்பல். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கிச் செய்துவந்த 'இந்து' தாளும் இவ்வகையே. (அந்நிறுவனத்தின் பிரிவு ஒன்று நம் அம்பத்தூரிலும் இருந்தது. இன்று எல்லாம் மூடிக்கிடக்கிறது.)

இன்க்ஜெட்டில் வெள்ளி ஏது? பொறியிடம் ஒரே ஒரு கறுப்பு மை இருந்தால், சாம்பல் நிறத்துக்கு அது புள்ளிகளைத் தள்ளித்தள்ளி வைக்க வேண்டும். அதுவே மிளகுத்தூள். புள்ளியை மறைக்க நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கலாம். ஆனால் இக்கலவை ஒரு விளக்கில் சாம்பலாகவும் வேறு விளக்கில் பச்சையாகவும் தோன்றும். குழல்விளக்கின் ஒளியும் பகலொளியும் ஒரே கலவை அல்லவே. சாம்பல் மைகளையே தனியாக வைப்பதுதான் நேரான வழி. 2005-ல் எப்சன் நிறுவனம் கறுப்பு, இளங்கறுப்பு, மேலும் இளங்கறுப்பு என மூன்று அடர்த்திகளில் மை கொண்ட பொறிகளை வெளியிட்டது இதற்காகவே.

அப்படியானால் விலை உயர்ந்த பொறி வாங்கினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. கரிக்கட்டிப் புடவைக்குக் காரணம் பொறியன்று, கவனக்குறைவு. பளபளப்பில்லாத தாளை வைத்துவிட்டு, கணிப்பொறியில் பளபளப்புத் தாள் என்று தேர்ந்தெடுத்தால், தாளுக்குப் பொருந்தாத அளவில் மை இறங்குகிறது. மை மிகுந்தால் இருண்ட பகுதிகளெல்லாம் ஒன்றாகிவிடும். தாளின் எல்லையையும் அறிய வேண்டும். நல்ல பளபளப்புத் தாளின் ஆழ்ந்த கறுப்பு, விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். பளபளப்பில்லாத தாளிலோ ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு திரும்பிவிடும். அந்தச் சிறு இடைவெளிக்குள் புடவை மடிப்புகளைப் பொருத்தியாக வேண்டும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. மாணவர்கள் தாமே செய்யலாம். வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 கட்டங்களைக் கணிப்பொறியில் வரைந்து, படம் அச்சிடும் அதே தாளில் அச்சிடுங்கள். ஒருநாள் உலரவிடுங்கள். இருண்ட கோடியில் எத்தனை கட்டங்கள் ஒன்றாகிவிட்டன என்று எண்ணுங்கள். பிறகு குழல்விளக்கிலும் பகலிலும் மாறிமாறிப் பாருங்கள்.

அம்பத்தூர்க் கடைக்காரரிடம் இத்தாளைக் கொண்டுபோனேன். கடைசி ஐந்து கட்டங்கள் ஒரே கறுப்பாக இருந்ததைக் காட்டியதும், "அட, தாள் பெயரை மாத்தவே இல்லையே சார்!" என்றார். மாற்றி அச்சிட்டதில் மடிப்புகள் வந்துவிட்டன. கன்னத்துப் புள்ளிகள் போகவில்லை. அந்தப் பொறியில் இருந்தது ஒரே கறுப்பு மைதான். சாம்பல் மை உள்ள பொறி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை பாட்டியின் மூலப்படத்தை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.